தூக்க மாத்திரையும் நம் இல்லங்களும்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும். காலைக்கு எத்தனை, இரவுக்கு எத்தனை என்ற குறிப்பு இருக்கும். பத்து நாளைக்கு, பதினைந்து நாளைக்கு என்று காலமும் பெரும்பாலும் இருக்கும். அக்காலம் முடிந்தபின் என்ன செய்வது என்பது மட்டும் இராது. காய்ச்சலுக்கோ வயிற்றுக் கோளாறுக்கோ தரப்பட்ட மருந்தாயின் இதனால் பெருந்தீங்கு இல்லை. நோய் நீங்கியதும் மாத்திரையும் மறந்துபோகும். உறக்கத்துக்கென்றும், மனப் படபடப்புக்கென்றும், கடும் வலிக்கென்றும் தரப்படும் சில மருந்துகள் அவ்வாறு மறந்துபோவதில்லை. பத்து நாளைக்கு எழுதிய சீட்டு மடித்து மடித்துக் கிழிந்து, பசைத்தாள் ஒட்டப்பெற்று, பத்து ஆண்டுகளாக வீட்டுக்கும் மருந்துக் கடைக்கும் போய்வந்துகொண்டிருக்கிறது.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருக்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். கட்டிலருகே சிறு மேசை. அதன்மேல் பாடுபட்ட சுரூபம், செபமாலை, மூடிவைத்த தண்ணீர்ச் செம்பு, பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா. அந்த டப்பாதான் வீட்டின் மருந்தகம். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளோடு சிறிய அட்டை ஒன்றும் அதில் கிடக்கும். "இது எதற்கம்மா?" என்று கேட்டால், "தூக்கத்துக்குச் சாமி, அவர் காலமான வருஷத்திலிருந்து போடுகிறேன்" என்று பதில் வரும். அவர் காலமாகி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாயிருக்கும்.

அந்தச் சிறு அட்டையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அதிலுள்ளவை பெரும்பாலும் பென்சோடையசிபீன் என்னும் இனத்தைச் சேர்ந்த மருந்துகள். டையசிபாம், லோரசிபாம், குளோனசிபாம், நைட்ரசிபாம், அல்பிரசோலாம் எனப் பல பெயர்கள். நாவில் நுழையாத பெயர்கள்தாம். ஆயினும் 'பாம்' என்றோ 'லாம்' என்றோ முடியும் பெயர் அட்டையின் பின்புறத்தில் உண்டா என்று வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். சோல்பிடம் என்பது வேறு இனமாயினும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்வது.

இம்மருந்துகள் தீயவை அல்ல. நிற்காத வலிப்பை நிறுத்தி உயிரைக் காப்பவை இவை. அறுவைச் சிகிச்சைக்குமுன் நோயாளியை அமைதிப்படுத்துபவையும், குடியை நிறுத்தும் மனிதனுக்கு வரும் நடுக்கத்தையும் பிதற்றலையும் அடக்குபவையும் இவையே. பெருந்துயரில் உறக்கமின்றித் தவிப்பவருக்குச் சில இரவுகள் கண்மூட உதவுவது குற்றமாகாது. ஆனால் எல்லாம் கால அளவைப் பொறுத்தது. பிரிட்டனில் மருந்துகளின் பாதுகாப்பை ஆய்ந்த அரசுக் குழு 1988-ஆம் ஆண்டிலேயே, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் தரலாகாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. நம் பிஸ்கோத்து டப்பாவில் அந்த நான்கு வாரம் எங்கே, பத்து ஆண்டு எங்கே!

காலம் நீண்டால் என்ன நேருகிறது? நம் மூளையில் காபா என்னும் ஒரு பொருள் இயற்கையாகவே சுரக்கிறது. ஓடும் வண்டிக்குத் தடை எப்படியோ, அப்படியே நரம்புகளின் பரபரப்புக்கு அது தடை. இம்மருந்துகள் அந்தக் காபாவின் வேலையைப் பன்மடங்கு கூட்டுகின்றன. ஆகவே மனம் அடங்குகிறது, தசைகள் தளர்கின்றன, கண் செருகுகிறது. ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து நாள்தோறும் உதவி வருவதைக் கண்டு தன் சொந்தத் தடையின் வலிமையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்கிறது. அதனால் முதல் மாதம் அரை மாத்திரையில் வந்த உறக்கம் ஆறாம் மாதம் ஒன்றில் வருகிறது. பிறகு ஒன்றும் போதாமற் போகிறது. இந்நிலையில் மாத்திரையைத் திடீரென எடுத்துவிட்டால், தடையில்லாத வண்டி இறக்கத்தில் உருள்வது போல நரம்புகள் கட்டுமீறி ஓடுகின்றன.

இங்கேதான் குடும்பங்கள் பெரிதும் ஏமாறுகின்றன. ஓர் இரவு மாத்திரை வாங்க மறந்துவிடுகிறது. அம்மாவுக்கு விடியும்வரை பொட்டுத் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, சிறு ஓசையும் இடிபோலக் கேட்கிறது. மறுநாள் மாத்திரை வந்ததும் எல்லாம் சரியாகிறது. "பார்த்தீர்களா, இது இல்லாமல் அம்மாவால் இருக்க முடியாது. நோய் இன்னும் தீரவில்லை" என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். உண்மையில் அவர்கள் கண்டது பழைய நோயை அன்று. மருந்து விலகியதால் உண்டான புது நோயை. மாத்திரை தானே உண்டாக்கிய துன்பத்தைத் தானே தணித்து நற்பெயர் வாங்கிக்கொள்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதித் தெளிவு பிறந்துவிடும்.

விடுவதில் இருக்கும் ஆபத்தைப் பற்றி நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு தாய், கைம்பெண், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர். கணவர் இறந்தபோது எழுதிக் கொடுக்கப்பட்ட அல்பிரசோலாமை ஒன்பது ஆண்டுகளாக, ஓரிரவும் விடாமல் உண்டுவந்தார். ஒரு தவக்காலத்தில் மூன்று நாள் தியானத்துக்குச் சென்றவர் உள்ளம் உருகி, "இனி ஆண்டவரே என் உறக்கம்" என்று சொல்லி, கைப்பையிலிருந்த அட்டைகளை எல்லாம் குப்பையில் எறிந்துவிட்டு வீடு திரும்பினார். உடன் சென்றவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள். முதல் இரவு உறக்கமில்லை. அதைச் சோதனை என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் உடலெல்லாம் வியர்த்து நடுங்கியது. மூன்றாம் நாள் காலை அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்து தலையில் அடிபட்டார். மருமகள் அருகில் இருந்ததால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள், பிழைத்துக்கொண்டார். அங்கே முதலில் அவருக்குச் செலுத்தப்பட்டது எது தெரியுமா? அவர் எறிந்துவிட்டு வந்த அதே இனத்து மருந்துதான்.

அந்தத் தாயின் விசுவாசத்தை எவரும் குறை சொல்ல இயலாது. ஆனால் தவக்கால ஒறுத்தலாக வெற்றிலையை விடலாம், காப்பியை விடலாம், திரைப்படத்தை விடலாம். நாட்பட உண்டுவந்த தூக்க மாத்திரையை ஒரே நாளில் விடுவதாக நேர்ந்துகொள்ளலாகாது. அப்படி எவரேனும் நேர்ந்துகொண்டிருந்தால், அதைத் தக்க முறையில் மாற்றித் தர நம் குருக்களுக்கு வழி உண்டு. தயங்காமல் வந்து கேட்கட்டும். தியானம் நடத்துவோரும் செபக் கூட்டத் தலைவர்களும் இதை மனத்திற் கொள்வார்களாக.

இன்னொன்று. இதைப் பாவம் என்றெண்ணி மறைத்து வைப்போர் நம்மிடையே பலர். மருத்துவர் சொன்ன அளவையே, சொன்ன வேளையிலேயே உண்டவருக்கும் உடல் இம்மருந்துக்குப் பழகிவிடும். அது மன உறுதியின் குறைவு அன்று, ஒழுக்கக் கேடும் அன்று, மூளையின் இயல்பு. போதைக்காக அளவை மீறி உண்பதும், பல மருத்துவர்களிடம் பொய் சொல்லிச் சீட்டு வாங்குவதும் வேறு கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "மாத்திரைக்கு அடிமையாகிவிட்டாள்" என்று வீட்டுப் பெண்ணை ஏசுவது கொடுமை. ஏசப்பட்டவர் செய்வது ஒன்றுதான்: மறைத்து வைத்து உண்பார், அல்லது வெட்கத்தால் சட்டென நிறுத்துவார். இரண்டுமே ஆபத்து.

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு இதே நிலை வாய்த்தது. கழுத்து நரம்பு வலிக்கென்று 1960-களில் தொடங்கிய மாத்திரைகள், பிறகு மன அமைதிக்கென்று சில, அவற்றோடு மதுவும் சேர்ந்துகொண்டன. 1978-ஆம் ஆண்டில் கணவரும் பிள்ளைகளும் ஒன்றுகூடி அவர் எதிரில் அமர்ந்து, தாங்கள் கண்டதை அன்போடும் கண்ணீரோடும் எடுத்துரைத்தனர். முதலில் சினந்தாலும் அவர் சிகிச்சைக்கு இசைந்தார்; அச்செய்தியை நாட்டுக்கே வெளிப்படையாக அறிவித்தார். 1982-இல் இத்தகையோருக்கென ஒரு சிகிச்சை நிலையத்தையும் தொடங்கினார். அந்த வீட்டார் ஏசவில்லை, மறைக்கவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசினார்கள்.

மருந்து வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். பழக்கமூட்டும் ஒவ்வொரு மருந்தும் முந்தியதைவிடத் தீங்கற்றது என்ற பெயரோடுதான் வந்தது. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது என்றால் இன்று யார் நம்புவார்? 1903-இல் எமில் ஃபிஷரும் யோசேப் ஃபான் மேரிங்கும் வெரோனல் என்னும் உறக்க மருந்தை அறிமுகம் செய்தனர். அந்தப் பார்பிட்டுரேட் இனம் அரை நூற்றாண்டுக் காலம் பழக்கத்தையும், அளவு மீறிய சாவுகளையும் தந்தது. அதற்கு மாற்றாக ஸ்விட்சர்லாந்தின் ரோச் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்தவையே 1960-இல் வந்த லிப்ரியமும் 1963-இல் வந்த வேலியமும். பென்சோடையசிபீன் இனத்தின் மூத்த பிள்ளைகள் அவை. முந்தியவற்றை நோக்க உயிருக்கு ஆபத்துக் குறைவு என்பது மெய்தான். பழக்கம் குறைவு என்பது மெய்யாகவில்லை. 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வினம் முழுவதற்கும் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட ஆணையிட்டது. வலி மருந்துகளிலும் இதே கதை: 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின், பழக்கமூட்டும் வாய்ப்புக் குறைவு என்று விளம்பரம் பெற்றது, 2007-இல் அதைச் செய்த பர்டியூ நிறுவனம் மக்களைத் தவறாக வழிநடத்தியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்துவிட்டன.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணைப்படி அல்பிரசோலாம், டையசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடம், வலிக்குரிய டிரமடால், சில இருமல் மருந்துகளில் சேரும் கோடீன் ஆகியவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையும் அட்டையில் இருக்கும். ஆயினும் தெரிந்த கடை, தெரிந்த தம்பி, "அம்மாவுக்கு அந்த மாத்திரை பத்து" என்று கேட்டால் கிடைத்துவிடுகிறது. 2019-இல் நடுவண் அரசு வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, மருத்துவ ஆலோசனையின்றி இத்தகைய உறக்க, அமைதி மருந்துகளை உண்போர் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் பேர். கடைக்காரத் தம்பி மறுத்துவிட்டால் கோபம் கொள்ளாதீர்கள். அவரே உங்களுக்கு நன்மை செய்பவர். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தூக்கமில்லையென்று நம் அட்டையிலிருந்து நான்கு கிள்ளிக் கொடுப்பது பிறர் அன்புச் சேவையும் அன்று.

முதியோர் உள்ள வீடுகள் தனியே கவனிக்க வேண்டும். டையசிபாம் போன்றவை வயது முதிர்ந்த உடலைவிட்டு நீங்கப் பல நாள் ஆகும். இன்று உண்டதன் மேல் நாளை உண்டது ஏறிக்கொள்ளும். இரவில் சிறுநீர் கழிக்க எழும் தாத்தா தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு கிடக்க நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். மறதியும் மந்தமும் வந்தால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. குடிப்பழக்கம் உள்ளவர் இதை உண்பதோ உயிரோடு விளையாடுவது. மதுவும் இதுவும் ஒரே தடையை அழுத்துபவை; இரண்டும் சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். கோடீன், டிரமடால் முதலிய வலி மருந்துகளோடு சேர்ந்தாலும் அவ்வாறே.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரைகளையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குவோரும் இருப்பர்; அவர்களுக்கு ஒரு சொல். மனநலத்துக்குத் தரப்படும் எல்லா மருந்தையும் 'தூக்க மாத்திரை' என்றே நம் மக்கள் அழைக்கின்றனர். மனச்சோர்வு நீக்கும் மருந்துகளும், மனச்சிதைவுக்கான மருந்துகளும் இந்த இனம் அல்ல. அவற்றை நீண்ட காலம் உண்ண வேண்டிய தேவை நோயால் வருவது. அவற்றையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. காக்காய் வலிப்புக்குப் பீனோபார்பிட்டால் உண்போர் ஒரு வேளையும் தவறலாகாது. புற்றுநோயின் கொடிய வலியில் துடிப்பவருக்கு மார்பினைத் தர "பழகிவிடுமே" என்று அஞ்சுவதும் தவறு. "வலியைச் சிலுவையாகச் சுமக்கட்டும்" என்று நோயாளியின் சார்பில் நாம் முடிவு செய்வது அதனினும் பெரிய தவறு. உணர்வு மங்கினாலும், ஆயுள் ஓரளவு குறைய நேரினும், வேறு வழியில்லாதபோது வலியைத் தணிக்க மருந்து தரலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரியில் மருத்துவர்களுக்கு விடையளித்துள்ளார். நம் நாட்டிலும் 2014-இல் போதைப் பொருள் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் கிடைப்பது எளிதாக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் ஆண்டுக்கணக்காக உண்டுவருவோர் விடவே முடியாதா? முடியும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அவர் கண்ட வழி எளியது. பொறுமை மட்டும் மிகுதியாகத் தேவைப்படுவது. விரைவில் உடலைவிட்டு நீங்கும் மருந்துக்குப் பதிலாக மெல்ல நீங்கும் டையசிபாமைத் தந்து, அதன் அளவை மாதக் கணக்கில் துளித்துளியாகக் குறைப்பது. குறைக்கும் வேகத்தை நோயாளியே முடிவு செய்வார். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல கூடி 2025-இல் வெளியிட்ட நெறிமுறையும், தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இன்று ஒன்று, நாளை அரை, மறுநாள் நிறுத்தம். ஒன்றிலிருந்து அரைக்கு வருவதே 50 சதவீதம்! ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்பதும் சரியான வழி அன்று. அது மூளையை நாள்தோறும் ஏற்றி இறக்குவது.

எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கருவுற்றவர்களும், முன்பே வலிப்பு வந்தவர்களும் இதில் கூடுதல் கவனத்தோடு நடத்தப்பட வேண்டியவர்கள். வீட்டாருக்கும் வேலை உண்டு. குறைக்கும் மாதங்களில் அம்மா எரிச்சலாகப் பேசுவார், காரணமின்றி அழுவார், இரவில் விழித்திருப்பார். அந்நாட்களில் பேத்தி பாட்டியின் அறையில் படுத்துக்கொள்ளட்டும். பகல் உறக்கத்தைக் குறைத்து, மாலையில் சிறிது நடக்கவிட்டு, இருட்டியபின் காப்பியைத் தவிர்த்தால் உறக்கம் மெல்லத் திரும்பும். இரவுச் செபம் சொல்லி முடித்ததும் தொலைக்காட்சியை மறுபடி போடாமலிருப்பதும் ஓர் உதவிதான்.

நாம் மேலே சொன்ன தாய் இப்போது அந்த முறையில்தான் குறைத்துவருகிறார். பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஒன்றிலிருந்து காலுக்கு வந்திருக்கிறார். நடுவில் இருமுறை தாளமுடியாமற் போய், மருத்துவர் சொற்படி இரண்டு மாதம் அதே அளவில் நின்றார். அட்டை மருமகளிடம் இருக்கிறது. நாட்காட்டியில் தேதிக்கு நேரே அன்றைய அளவை அந்த மருமகளே குறித்துவருகிறார்.

புதிதாக இம்மருந்து எழுதப்படும் வீட்டார், சீட்டைக் கையில் வாங்கும்போதே, "டாக்டர், இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்? எப்படி நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு, அந்தத் தேதியை அட்டையின் மேலேயே எழுதிவிடுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார். ஏற்கெனவே பழகிவிட்டோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். போக வெட்கப்படுவோர் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். டெலி மானஸ் என்னும் அந்த அரசுச் சேவை 2022 முதல் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் நடைபெறுகிறது. பேசும்போது மாத்திரை அட்டையையும் பழைய சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டாக, நாளொன்றுக்கு எத்தனை என்பதே அவர்கள் முதலில் கேட்கக்கூடிய கேள்வி.